அனுமதி இல்லாத பத்தொன்பது ஞாயிறுகள்

மைக் மூப்பர் எங்கே போனாலும் அவருடைய குரல் அவருக்கு ஒரு நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அன்றைக்கும் அவர் நில அளவை அலுவலகத்தின் படியில் கால் வைப்பதற்குள் உள்ளே எல்லோரும் தலையைக் குனிந்து மும்முரமாக வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆலயச் சபையில் மூப்பரான அவர் அறிவிப்பு சொல்ல எழுந்தால் மைக்கைக் கீழே வைக்கவே மாட்டார் என்பதால் வந்தது மைக் மூப்பர் என்ற பெயர். போதகர் கிட்டே வந்து நின்று இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தால்தான் விடுவார்.

நேராகப் பதிவறைக்கு வந்தார். கதவைத் தட்டும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"தங்கச்சி, கல்லுல வெட்ட வேண்டிய வாசகம் ரெடி. தேதியை மட்டும் உங்க கோப்புல பார்த்துச் சரி பண்ணிக் குடுத்துடுங்க. மத்ததெல்லாம் நானே ஜெபம் பண்ணி எழுதினது."

பதிவறையில் இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருப்பவளை அலுவலகத்தில் எல்லோரும் கோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. வயது ஐம்பத்தாறு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வீட்டில் எண்பத்தொரு வயது அம்மா, அலுவலகத்தில் பன்னிரண்டாயிரம் கோப்பு, இரண்டையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்தவள். அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் படித்தாள்.

ஐம்பது வருஷத்துக்கு முன்பு ஆற்றில் வெள்ளம் வந்து ஆலயத்தின் கூரையையும் ஒரு சுவரையும் அடித்துக்கொண்டு போனது. ஆலயத்தைத் திரும்பக் கட்டி முடிக்கும்வரை ஆறு வருஷம் இந்த அலுவலகத்தின் பெரிய மண்டபத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்தது. அதற்குத்தான் இப்போது பொன்விழா, அதற்குத்தான் கல். தாளில் இருந்தது இது: சபையார் தவித்த வேளையில் அன்றைய அளவை அதிகாரி பெருந்தன்மையுடன் மண்டபத்தைத் திறந்துவிட்டதையும், அதற்காக அல்லும் பகலும் பாடுபட்ட பெரிய மூப்பரின் தியாகத்தையும், வாத்தியார் மற்றும் பலரின் ஒத்துழைப்பையும் நன்றியுடன் நினைவுகூர்கிறோம்.

பெரிய மூப்பர் என்பது மைக் மூப்பருடைய அப்பா, வாத்தியார் அவரோடு சேர்ந்து சபையை நடத்திய பள்ளிக்கூட வாத்தியார். பகலில் பாடுபட்டது இருக்கட்டும், அல்லில் ஒரு மனுஷன் நில அளவை அலுவலகத்தில் என்ன பாடுபட்டிருப்பார் என்று கோப்பக்கா யோசித்தாள். வாய்விட்டுக் கேட்டது வேறு.

"நம்ம அதிகாரி பார்த்துட்டாரா?"

"பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டார். கீழே அவர் பேரையும் சேர்க்கச் சொன்னார். துறைத் தலைவர் பேரு, திறந்து வைக்கிறவர் பேரு, சபைக் குழு... மொத்தம் ஏழு பேரு வருது. கல்லை ஒரு அடி பெரிசாக்கச் சொல்லியிருக்கேன்."

ஏழு பெயரில் கடவுள் பெயர் இல்லை. கல்லை இன்னும் ஒரு அடி பெரிசாக்கியிருந்தால் அவருக்கும் இடம் கிடைத்திருக்கலாம்.

அவர் போன பிறகு கோப்பக்கா அந்த வருஷத்துக் கோப்புக் கட்டை எடுக்க உள் அறைக்குப் போனாள். அந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு எப்போதுமே தெரியும். மூன்றாவது அலமாரி, கீழிருந்து இரண்டாவது தட்டு. தெரிந்தும் இத்தனை வருஷமாக அதைத் தொட்டதில்லை. அம்மா இந்த அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்துவிட்டதற்காக வேலை போனது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அப்போது அவளுக்கு ஆறு வயது. அம்மாவும் அப்பாவும் வரைபட மேசைகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுவரோரம் நகர்த்தியதும், தான் ஒரு மேசைக்கு அடியில் உட்கார்ந்து பெரியவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்டதும் ஞாபகம் இருந்தது. வேலை போன கதையை அம்மா வீட்டில் பேசியதில்லை. பேசாத கதையை அலுவலகத்தில் வந்து கிளறுவானேன் என்று இவளும் விட்டுவிட்டாள்.

இப்போது தேதி வேண்டும், அதனால் கட்டை அவிழ்த்தாள்.

அனுமதிக் கடிதம் மேலேயே இருந்தது. தேதியைக் குறித்துக்கொண்டு கட்டைக் கட்டியிருந்தால் மைக் மூப்பரின் வேலை முடிந்திருக்கும். அதற்குக் கீழே அம்மாவின் பெயர் போட்ட மெல்லிய கோப்பு ஒன்று இருந்தது. அதையும் திறந்தாள்.

முதல் தாள் பணிநீக்க உத்தரவு. மண்டபத்தில் ஒரு வரைபட மேசையின்மேல் மெழுகு சிந்தியிருந்ததாகவும், விசாரித்ததில் பத்தொன்பது ஞாயிறுகளாக அனுமதியில்லாமல் கூட்டம் நடந்தது தெரியவந்ததாகவும், சாவியைத் தவறாகப் பயன்படுத்திய துப்புரவுப் பணியாளர் நீக்கப்படுவதாகவும் எழுதியிருந்தது. உத்தரவுக்கு ஆதாரமாக ஒரு கடிதம் பின்னால் குத்தப்பட்டிருந்தது. சபையார் எழுதிக் கொடுத்தது. எழுத்து குண்டு குண்டாக, அச்சடித்த மாதிரி.

"மேற்படி பணியாளர் தாமாகவே எங்களை அழைத்து, அதிகாரியின் அனுமதி பெற்றிருப்பதாகப் பொய் கூறி மண்டபத்தைத் திறந்துவிட்டார். அவரது நடத்தைக்கும் சபைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

கீழே மூன்று கையெழுத்து. ஒன்று பெரிய மூப்பர். இரண்டாவது வாத்தியார். மூன்றாவதைப் பார்த்ததும் கோப்பக்கா தாளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து பார்த்தாள். அது அப்பாவின் கையெழுத்துதான். அவர் இதே அலுவலகத்தில் நிலம் அளக்கும் சங்கிலியை இழுத்துப் பிடிக்கிற பணியாளர், சபையில் பாடகர். கையெழுத்துக்குக் கீழே அதையும் எழுதியிருந்தார், சங்கிலிப் பணியாளர் என்று. அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

மற்ற இரண்டு பெயர் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அப்போதே மைக் மூப்பர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாள். மூன்றாவது பெயர் காலைக் கட்டிப்போட்டது. கோப்பை மூடி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

இரண்டு நாள் கழித்து மைக் மூப்பர் தேதியை வாங்க வந்தார். கோப்பக்கா கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, அனுமதி வர்றதுக்கு முன்னாடியே பத்தொன்பது ஞாயிறு இங்க ஆராதனை நடந்திருக்கு. கதவைத் திறந்துவிட்டது எங்க அம்மா. அவங்க பேரையும் கல்லுல சேர்க்கணும்."

"அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதே."

"உங்களுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. முன்னாடி நின்னு பாடினீங்க. நான் பார்த்தேன்."

"சின்ன வயசுல எங்க பாடினோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றவர், குரலை இறக்கி, அக்கறையாகப் பேசுவதுபோல் பேசினார். "அதுவும் இல்லாம, அது அனுமதி இல்லாத காலம் தங்கச்சி. அரசாங்கக் கட்டடம், அரசாங்கக் கல்லு. அனுமதி இல்லாம நடந்ததை அதுல எப்படி எழுதுறது? அம்மாவுக்குத்தானே கெட்ட பேரு? அதனாலதான் 'மற்றும் பலர்'னு போட்டிருக்கேன் பாருங்க. அதுல முதல் ஆளே அம்மாதான்."

பலரில் முதல் ஆள். இப்படி ஒரு பதவி இருப்பது கோப்பக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிகாரியிடம் போனாள். அவர் மாற்றலாகி வந்து நாலு மாசம். எந்தக் காகிதத்திலும் முதல் வரியைப் படிப்பார், அப்புறம் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடிக் கடைசி வரிக்குப் போவார். நடுவில் இருப்பதெல்லாம் அவரைப் பொறுத்தவரை அலங்காரம். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சந்தோஷமான விஷயத்துல எதுக்குங்க பழசு எல்லாம்?" என்றார். பொன்விழாவில் பழசைப் பேசக் கூடாது என்றால் வேறு எதைத்தான் பேசுவது? அதை அவளும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. போகும்போது கூப்பிட்டு, "மண்டபத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப் போறோம். பழைய காகிதம் நாலஞ்சு எடுத்து வைங்க. பார்க்க அழகா இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்த அலுவலகத்தில் வேலை போன பிறகு ஆஸ்பத்திரியில் சலவைத் துணி அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். இன்றைக்கும் ஒரு துண்டை மடித்தால் நாலு முனையும் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும். கோப்பக்கா பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒன்றை எடுத்து மடித்தாள். அம்மா அதை வாங்கி உதறி மறுபடி மடித்தாள்.

"என்னடி, மூணு நாளா மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

"உன் கோப்பைப் பார்த்தேன்மா."

அம்மாவின் கை நிற்கவில்லை. "மெழுகு கதையா?"

"கடுதாசி இருக்கு. பெரிய மூப்பரும் வாத்தியாரும் எழுதிக் குடுத்தது. நீ பொய் சொல்லிக் கூப்பிட்டேன்னு."

"ஆமா. வெள்ளம் வந்த மறு வாரம் அவங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. மக்கள் சேத்துல நின்னு ஜெபம் பண்றாங்க, உன் கையில சாவி இருக்கே, ஒரு மணி நேரம் திறந்துவிடக் கூடாதான்னு கேட்டாங்க. வாத்தியார் அழுதுட்டார். அவர் எதுக்கு வேணும்னாலும் அழுவார். நான் திறந்துவிட்டேன்."

"அம்மா, அதுல அப்பா கையெழுத்தும் இருக்கு."

"இருக்கும். நான்தான் போடச் சொன்னேன்."

கோப்பக்கா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"என்னடி முழிக்கிற? அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு, நீயும் இதுக்கு உடந்தைதானேன்னு கேட்டான். அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டா அவர் வேலை நிக்கும், இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்டுக்கு வர வேண்டியதுதான். மனுஷன் வீட்டுக்கு வந்து, மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்னார். பெரிய வீரன்! நாளைக்கு இந்தப் பிள்ளை காத்தைக் குடிச்சா வளரும்னு கேட்டேன். திருப்பி அனுப்பினேன். போட்டுட்டு வந்து ரெண்டு நாள் சாப்பிடல. மூணாம் நாள் நான் போட்ட சத்தத்துல சாப்பிட்டார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லி? உங்க அப்பாவை நீ ஒரு மாதிரி பார்ப்ப. அவருக்கு அது தேவையா? அவர் போட்டது பயத்துல, எனக்காக, உனக்காக. அவங்க ரெண்டு பேருக்கும் என்ன பயம்? ஒருத்தருக்கு ரெண்டு கடை, ஒருத்தருக்குப் பள்ளிக்கூடம். அதிகாரிக்கு முன்னாடி நல்ல பிள்ளையா நிக்கணும், அவ்வளவுதான். ரெண்டே மாசத்துல அதே அதிகாரிகிட்டே போய், பொறுப்பான ஆட்கள் நாங்க இருக்கோம், எங்ககிட்டே சாவியைக் குடுங்கன்னு அனுமதி வாங்கிட்டாங்க."

வேலை போன பிறகு ஆராதனை அங்கே நடந்த வருஷமெல்லாம் அம்மா அந்த மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை. ஆலயத்தைத் திரும்பக் கட்டிய பிறகுதான் போனாள், கதவோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், இன்றைக்கும் அங்கேதான். அது வெறும் வசதிக்காக என்று கோப்பக்கா இத்தனை நாளாய் நினைத்திருந்தாள்.

"கண்ணாடிப் பெட்டில காகிதம் வைக்கச் சொல்லியிருக்காங்கம்மா. இந்தக் கடுதாசியை வைக்கட்டுமா?"

அம்மா கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். "உன் ஆபீஸ் காகிதம், உன் பொறுப்பு. ஆனா வச்சா முழுசா வை. அப்பா பேரு தெரியாம மடிச்சு வைக்காதே. மடிச்சு வச்சா அவங்களுக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்?"

மறுநாள் கோப்பக்கா முறைப்படி ஒரு பட்டியல் தயாரித்தாள். ஒன்று, மண்டபத்தின் பழைய வரைபடம். இரண்டு, வெள்ளச் சேத அறிக்கை. மூன்று, சபையார் எழுதிய கடிதம். நாலு, பணியாளர் உத்தரவு. ஐந்து, அனுமதிக் கடிதம். பொய் ஒன்றுமில்லை, மறைத்ததும் ஒன்றுமில்லை. அதிகாரி முதல் வரியைப் படித்தார், "வரைபடம் அழகா இருக்கும்" என்றார், கடைசி வரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

விழா நாள் வந்தது. மண்டபத்தில் இருநூறு நாற்காலி. வருவதாக இருந்த துறைத் தலைவர் வரவில்லை, அவருடைய துணைத் தலைவர் வந்தார். வந்தவர், நிலத்தை அளந்த இடத்தில் அன்று மனத்தை அளந்தார்கள் என்றார். கைதட்டல் கிடைத்ததும் அதையே இன்னும் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை அளவை அதிகாரி மட்டும் தட்டினார். மைக் மூப்பர் நாற்பது நிமிஷம் பேசினார். அப்பா அந்த நாளில் பட்ட பாட்டைச் சொல்லும்போது நாலு இடத்தில் குரல் தழுதழுத்தது, நாலும் சரியான இடம். போதகர் தொண்டையைக் கனைத்தார். புதிதாக வந்த போதகர், சின்ன வயது, அவர் கனைத்தது அவருக்கே கேட்டிருக்காது.

கல்லின்மேல் கிடந்த துணியை விலக்கினார்கள். ஏழு பெயரும் பளபளவென்று மின்னின.

கோப்பக்கா அம்மாவை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்திருந்தாள். அம்மா பேச்சைக் கேட்கவே இல்லை. சுவரையும் ஜன்னலையும் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினோரு மேசை இருந்துச்சு. இப்ப அஞ்சுதான் இருக்கு. தரையை யாரு துடைக்கிறா? மூலை எல்லாம் அப்படியே விட்டிருக்கா" என்றாள்.

கூட்டம் எழுந்து கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி மொய்த்தது. கோப்பக்கா சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். யாராவது ஒருத்தர் படிப்பார், படித்ததும் அப்படியே நின்றுவிடுவார், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார் என்று இரண்டு ராத்திரி அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஒருத்தரும் படிக்கவில்லை. துணைத் தலைவர் குனிந்து, "ஆகா, அந்தக் காலத்துக் காகிதம்" என்றார். சிலர் கண்ணாடியில் தெரிந்த தங்கள் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரி பண்ணிக்கொண்டார்கள். இரண்டு பெண்கள் எழுத்து எவ்வளவு அழகு பாரேன் என்று வியந்துவிட்டு நகர்ந்தார்கள். அது அம்மாவின் பிழைப்பில் மண் போட்ட எழுத்து. அழகாகத்தான் இருந்தது.

மைக் மூப்பர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கடிதத்தின் அடியில் அவருடைய அப்பாவின் கையெழுத்து கண்ணில் பட்டதும் அவர் முகம் அப்படி மலர்ந்தது.

"பாருங்க, பாருங்க! எங்க அப்பா கையெழுத்து! ஐம்பது வருஷம் முன்னாடி இந்த அலுவலகத்துக்கு அவர் எழுதின கடிதம்! தங்கச்சி, இதை எங்கிருந்து தேடிப் பிடிச்சீங்க?"

"படிச்சுப் பாருங்கண்ணே" என்றாள் கோப்பக்கா.

"படிக்கிறது என்ன, வீட்டுல மாட்டியே வைக்கப் போறேன்."

போட்டோக்காரரைக் கூப்பிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கையெழுத்தை விரலால் சுட்டிக்காட்டிப் படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் கடிதத்தை மட்டும் தனியாக, பெரிசாக, ஒரு எழுத்தும் விட்டுப்போகாமல் எடுக்கச் சொன்னார்.

கூட்டம் காலியான பிறகு அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாள். கடிதத்தை வரி வரியாகப் படித்தாள். மூன்றாவது கையெழுத்தில் கொஞ்சம் நின்றாள். "கை நடுங்கியிருக்கு பாரு" என்றாள். "சரி, வா. கால் வலிக்குது."

சபைக்கு மாசாமாசம் ஒரு மடல் உண்டு. அடுத்த மாசத்து மடலின் முதல் பக்கம் முழுக்க அந்தக் கடிதம். 'ஒரு தகப்பனின் தியாகத்துக்குச் சாட்சி' என்று மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. நானூறு வீட்டுக்குப் போனது. நானூறு வீட்டில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வீட்டில் அதைத் தலைகீழாகவோ நேராகவோ மேசையில் போட்டுவிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற ஒருவர் மட்டும், புதிதாக வந்த கண்ணாடி வில்லையைச் சோதிக்க எதையாவது படிப்போமே என்று எடுத்துப் படித்தார். படித்துவிட்டுப் போதகருக்குப் போன் பண்ணினார். போதகர் படித்தார். சாயங்காலத்துக்குள் சபை முழுக்கப் படித்துவிட்டது. ஐம்பது வருஷம் யாரும் கேட்காத கேள்வியை அன்றைக்கு ஆளாளுக்குக் கேட்டார்கள். கல்லில் தியாகம் என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் தியாகம் பண்ணியது யார்?

மைக் மூப்பர் ஆறு நாள் வெளியே தலைகாட்டவில்லை. போனை எடுக்கவில்லை. காய்ச்சல் என்று வீட்டில் சொன்னார்கள். கோப்பக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. மனுஷன் ஒரு தடவையாவது மைக்கைப் பார்த்துக் கூசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள்.

அறிவிப்பு நேரத்தில் மைக் மூப்பர் எழுந்தார். மெதுவாக நடந்து போனார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"நான் அந்தக் கடிதத்தை வேணும்னேதான் வெளியிட்டேன்" என்றார். "சொந்தத் தகப்பனாரின் தவறை வெளிச்சத்துக்குக் கொண்டுவா என்று கர்த்தர் என்னோடு பேசினார். நான் போராடினேன். மூன்று இரவு தூங்கவில்லை. கடைசியில் கீழ்ப்படிந்தேன். இதனால் என் குடும்பத்துக்கு அவமானம் வந்தாலும் வரட்டும்!"

அழுதார். முன் வரிசையில் ஒருவர் அழுதார். அது பரவியது. இந்தக் காலத்தில் இப்படி உண்மையை ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்குத் தைரியம் வரும் என்று கோப்பக்காவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் பக்கத்து அம்மாளிடம் சொன்னாள். 'தியாகத்துக்குச் சாட்சி' என்று போட்ட தலைப்பை அந்த அம்மாளுக்கு ஞாபகப்படுத்தலாமா என்று கோப்பக்கா நினைத்தாள். அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? இவர்கள் படித்தது கடிதத்தை மட்டும்தான், தலைப்பை இல்லை. அடுத்த தடவை தலைப்பை மட்டும் படிப்பார்கள்.

அம்மா அவள் கையில் லேசாகத் தட்டினாள். "ஏண்டி பல்லைக் கடிக்கிற?"

"கேட்டியாம்மா அவர் பேசினதை?"

"கேட்டேன். அவன் அப்பனாவது பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டான்."

புதன்கிழமை போதகர் வீட்டுக்கு வந்தார். ஒரு பிஸ்கட் டின்னும், கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரமும் கொண்டுவந்திருந்தார். அடுத்த ஞாயிறு அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்வதாகச் சபைக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மைக் மூப்பர் தாமே முன்மொழிந்தாராம், பத்திரத்தைத் தாமே கொடுப்பாராம்.

அம்மா பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள். பத்திரத்தைத் தொடவில்லை.

"தம்பி, நீங்க நல்ல பிள்ளை. எனக்கு மேடை எல்லாம் வேண்டாம், படி ஏற முடியாது. சபையில ஆராதனைப் பதிவேடு ஒண்ணு இருக்கும் இல்ல? ஒவ்வொரு ஞாயிறும் யாரு பிரசங்கம், எத்தனை பேருன்னு எழுதுவீங்களே?"

"இருக்கும்மா. பழசு எல்லாம் பத்திரமா இருக்கு."

"வெள்ளம் வந்த வருஷத்துப் பதிவேட்டை எடுத்துட்டு வாங்க."

மறுநாளே எடுத்துக்கொண்டு வந்தார். தோல் அட்டை, ஓரம் எல்லாம் வெள்ளத்து நீர் ஊறிய கறை. வெள்ளத்துக்கு முந்தின ஞாயிறு வரை ஒழுங்காக எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'ஆலயம் சேதமடைந்ததால் ஆராதனை நடைபெறவில்லை.' அதே குண்டு எழுத்து. அதற்குப் பிறகு அனுமதி கிடைத்த ஞாயிறில் இருந்து மறுபடி ஆரம்பிக்கிறது. அந்தத் தேதியைத்தான் கல்லில் வெட்டியிருந்தார்கள்.

"நடைபெறவில்லையாம்!" என்றாள் அம்மா. அப்போதுதான் முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "என்னைப் பத்திப் பொய் எழுதினதுகூடப் பரவாயில்லை தம்பி, வேலை போச்சு, வேற வேலை கிடைச்சுச்சு. இது என்ன அநியாயம்? அத்தனை பேரு வந்தாங்க, பாடினாங்க, ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம்கூட நடந்துச்சு. அதெல்லாம் நடக்கவே இல்லையா? நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. பத்தொன்பது ஞாயிறும்."

போதகர் பேனாவை எடுத்தார். அப்புறம் தயங்கினார். "பழைய பதிவேட்டுல புதுசா எழுதணும்னா, சபைக் குழுவோட அனுமதி..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே காது சிவந்துவிட்டது. கோப்பக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். "சொல்லுங்கம்மா."

இரண்டு மணி நேரம் ஆனது. சில ஞாயிறு அம்மாவுக்குத் துல்லியமாக ஞாபகம் இருந்தது, சில ஞாயிறு கலங்கலாக. கலங்கலானதை, "எனக்குச் சரியாத் தெரியலைன்னே எழுதுங்க" என்றாள். கோப்பக்கா தேதிகளை நாட்காட்டி வைத்துச் சரி பார்த்துக் கொடுத்தாள். கல்லில் இருக்கும் தேதியைத் திருத்தச் சொல்லி அலுவலகத்தில் அவள் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் போட்டிருந்தாள். அது ஐந்து மேசை சுற்றி, பதிவறையில் கருத்துக் கேட்கும்படி குறிப்பெழுதி, அவள் மேசைக்கே திரும்பி வந்திருந்தது. திருத்த வேண்டும் என்று கருத்து எழுதி மறுபடி மேலே அனுப்பியிருந்தாள். அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டது, அடுத்து வருபவர் எத்தனை வரி படிப்பாரோ தெரியாது.

பதினோராவது ஞாயிறு வந்தது.

"அன்னைக்குச் சரியான மழை" என்றாள் அம்மா. "திரும்பவும் வெள்ளம் வரும்னு பயந்துக்கிட்டு யாருமே வரல. பிரசங்கம் இல்ல. நான், இவ அப்பா, இவ. மூணு பேரு. மேசையை எல்லாம் நகர்த்திட்டோம், வேற என்ன பண்றது? இவ அப்பா ரெண்டு பாட்டுப் பாடினார். நல்லாப் பாடினார். நான் ஜெபம் பண்ணினேன். திரும்ப மேசையைப் போட்டுப் பூட்டிட்டு வந்தோம்."

போதகர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதையும் ஆராதனைன்னு எழுதட்டுமாம்மா?" என்று கேட்டார். இந்தத் தடவை தயக்கம் இல்லை. நிஜமாகத்தான் கேட்டார்.

"வேற என்னன்னு எழுதுவீங்க?"

அவர் எழுதினார். பிரசங்கம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். வந்தவர்கள் என்ற இடத்தில் மூன்று என்று போட்டார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்தைக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க தம்பி, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லி, பன்னிரண்டாவது ஞாயிறுக்குப் போனாள்.